டைம்கீப்பரும் ஏழு நிலவுப் படையும்

சண்டைக்கு வந்தவன் ரத்தம் ஒரு துளிகூடச் சிந்தாமல் தினம் நாலு போரை முடித்துவைத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்தான். அந்தப் போர்களுக்கான சட்டதிட்டத்தை அவர் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வாங்கவில்லை, கோர்ட்டிலிருந்தும் வாங்கவில்லை. ஏழு நிலவு சுற்றுகிற ஒரு கிரகத்திலிருந்து வாங்கினார்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

கள்ளக்குறிச்சி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. நான் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியாக உளுந்தூர்பேட்டை, திரும்ப உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி. தோளில் தோல் பை, வாயில் விசில், மூக்கு நுனியில் கோபம். இந்த மூன்றும்தான் என் சொத்து. இன்றைக்குப் பத்திரிகையில் பக்குவமாக எழுதுகிறேனே என்று பார்த்து, ஆள் பிறவியிலேயே சாது என்று நினைத்துவிட வேண்டாம். படிக்கட்டில் தொங்குகிறவனை நான் திட்டிய திட்டுக்குத் தியாகதுருகம் மலைக்கோட்டையே திரும்பிப் பார்க்கும்.

டைம்கீப்பர் என்றால் யார் என்று, பஸ்ஸில் போகாத புண்ணியவான்களுக்குச் சொல்ல வேண்டும். தனியார் பஸ்ஸுக்கு நிமிஷம்தான் சோறு. ஒன்பது பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஒன்பது பன்னிரண்டு வரை நின்றால், அடுத்த வண்டியில் ஏற வேண்டிய கூட்டத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விடும். இந்த அக்கிரமம் நடக்காமல் பார்த்துக்கொள்ள பஸ் முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து ஓர் ஆளைப் போட்டிருப்பார்கள். வண்டிகள் வெளியே போகிற வழியில் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் ஒரு மைக், ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு டைம்கீப்பர். கண்டக்டர் டிரிப் ஷீட்டை நீட்ட வேண்டும், அவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் 'எடு' என்றால் எடுக்க வேண்டும்.

எங்கள் டைம்கீப்பருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. வயது ஐம்பது இருக்கும். ஒல்லி. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் மூன்று பேனா, சோடாபுட்டிக் கண்ணாடி. கைக்கடிகாரத்தை மட்டும் மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"இன்னா சார், வாட்ச்ச உள்பக்கம் கட்டிக்கினு இருக்கீங்க?"

"துருவாணருங்க அப்பிடித்தாம்பா கட்டுவாங்க" என்றார், டிரிப் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "கையில கத்தி புடிச்சிக்கினு இருக்கும்போது வெளிப்பக்கம் வாட்ச் இருந்தா, டைம் பாக்க கைய திருப்பணும். கைய திருப்பினா கத்தி சாயும். அந்த கேப்புல எதிராளி போட்டுடுவான்."

"துருவாணருங்களா? எந்த ஊருக்காரங்க சார்?"

அவர் தலையைத் தூக்கினார். கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் பெரிதாகத் தெரிந்தன. "செந்தாழி" என்றார்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

செந்தாழி ஒரு கிரகம். அதைச் சுற்றி ஏழு நிலவு. ஒவ்வொரு நிலவிலும் துருவாணரின் ஒரு படை. ஆளுக்கு ஏழடி உயரம். நின்றுகொண்டுதான் சாப்பிடுவார்கள். அண்டம் முழுவதையும் வளைத்துப் போட்டிருக்கிற சூழிப் பேரரசிடம் லட்சம் போர்க்கலங்கள் உண்டு, துருவாணரிடம் இருப்பது நானூறு. ஆனாலும் பேரரசால் அந்த ஏழு நிலவில் ஒன்றில்கூடக் கால் வைக்க முடியவில்லை. படைத்தலைவி வேழினிக்கு ஒரு கண் இல்லை. தான் முதன்முதலில் வீழ்த்திய எதிரிக்கலத்தின் இரும்பில் ஒரு துண்டை உருண்டையாகத் தட்டி, அந்தக் குழியில் வைத்திருக்கிறாள். எதிரியைப் பார்க்க நல்ல கண், செத்துப்போன எதிரிகளை மறக்காமல் இருக்க இரும்புக் கண். இத்தனையையும் அவர், கச்சிராயபாளையம் வண்டிக்கு ஒரு கையெழுத்து, சங்கராபுரம் வண்டிக்கு ஒரு கையெழுத்து என்று போட்டுக்கொண்டே சொன்னார்.

"நல்லா கதை வுடறீங்க சார்" என்றேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. "கதை இல்லப்பா. அவுங்க இருக்காங்க. இன்னா, ரொம்ப தூரம். அந்த ரூட்டுக்கு இன்னும் யாரும் பர்மிட் வாங்கல."

பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதி, கூண்டுக்குள் இடுப்பு உயரத்துக்குக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார். காலை பதினோரு மணிக்கு மேல் வண்டிகள் கம்மி. அந்த நேரத்தில் எங்களைப் போன்ற நாலு கண்டக்டர்கள், டீ மாஸ்டர், பூக்காரம்மா எல்லோரும் கூண்டு வாசலில் நின்றுகொண்டு கேட்போம். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். வேழினியின் கலம் பேரரசின் காந்த வலையில் சிக்கிக்கொண்டு, கலத்துக்குள் மூச்சுக் காற்று தீர்ந்துகொண்டிருந்த கட்டம். பஸ் ஸ்டாண்டு முழுக்க ஒலிபெருக்கியில் கேட்கிறது. முறுக்கு விற்கிறவன் கூவவில்லை. ஏறியவர்கள் இறங்கி வந்து நிற்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்த டைம்கீப்பர், அதே குரலில், அதே மூச்சில், "சின்னசேலம் வண்டி எடு" என்றார்.

டீக்கடையிலிருந்து ஒருத்தர் கத்தினார்: "வண்டி கெடக்குதுய்யா! அந்தப் பொண்ணு இன்னா ஆனா, அத சொல்லு மொதல்ல!"

அன்றைக்கு உளுந்தூர்பேட்டை கோர்ட்டில் வாய்தாவுக்குப் போக வேண்டிய ஒரு பெரியவர் பஸ்ஸைக் கோட்டைவிட்டார். மறுநாள் வந்து கூண்டுக்கு முன் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நாங்கள் தயாரானோம். "நேத்து கடைசி அஞ்சு நிமிசம் பஸ் சத்தத்துல கேக்கலங்க" என்றார் அவர் பணிவாக.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நானும் சேகரும் சண்டை போட்டுக்கொண்டு போய் நின்றோம்.

சேகர் எனக்கு முந்தைய வண்டியின் கண்டக்டர், சின்னசேலத்துக்காரன். அவனுக்கு ஒன்பது பத்து, எனக்கு ஒன்பது இருபது. ஒன்பது பத்துக்குக் கிளம்புவதுபோல வண்டியை உறும விடுவான், அரை அடி நகர்த்துவான், பிரேக் அடிப்பான், அப்படியே ஒன்பது பன்னிரண்டு வரை இழுத்துவிடுவான். அந்த இரண்டு நிமிஷத்தில் என் கூட்டம் அவன் வண்டியில் இருக்கும். ஒரு நாள் பொறுத்தேன், ஒரு மாதம் பொறுத்தேன். ஒரு திங்கட்கிழமை டயர் கழற்றுகிற லிவரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவனும் சும்மா இருக்கிற ஆள் இல்லை, ஜாக்கிக் கம்பியோடு இறங்கினான். கூட்டம் வட்டம் கட்டிவிட்டது.

டைம்கீப்பர் கூண்டுக்குள் இருந்தபடியே மைக்கில் சொன்னார்: "ரெண்டு பேரும் இங்க வாங்க. சண்ட போடறதுல ஆட்சேபன இல்ல. மொறையா போடணும்."

போனோம். துருவாணரிடம் ஒரு வழக்கம் இருக்கிறதாம். அதற்குப் பெயர் எதிர்ப்புகழ். ஆயுதத்தை ஓங்குவதற்கு முன்னால் எதிரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அவன் தன்னைவிட எதில் பெரியவன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். உண்மைதானா என்று பார்க்க ஒரு சாட்சி உண்டு. சாட்சி 'செல்லும்' என்றால்தான் அடுத்த ஆள் சொல்லலாம். இரண்டு பேரும் சொல்லி முடித்த பிறகு தாராளமாக வெட்டிக்கொள்ளலாம்.

"ஒண்ணுமே தோணலன்னா?" என்றேன்.

"எதிரிய நீ சரியா பாக்கலன்னு அர்த்தம். போயி ஒரு நாள் பூரா பாத்துட்டு வா. அதுக்கப்பறம் அடி."

கூட்டம் சிரித்தது. எனக்கு ரோஷம். சேகரின் முழங்கையைப் பிடித்தேன். "விசில் நல்லா அடிப்பான்" என்றேன்.

"செல்லாது" என்றார் டைம்கீப்பர், கிழிந்த நோட்டைத் திருப்பித் தருகிறவர் மாதிரி. "உன்னவிட நல்லா அடிப்பானா?"

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அவன் விசில் பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் இருக்கிற டிரைவருக்கும் கேட்கும். என்னுடையது என் டிரைவருக்கே சில நாள் கேட்காது. "என்னவிட நல்லா அடிப்பான்" என்றேன். சொல்லி முடிக்கும்போது கையிலிருந்த லிவர் கொஞ்சம் கனமாகிவிட்டிருந்தது.

"செல்லும். சேகரு, நீ சொல்லு."

சேகர் என் முழங்கையைப் பிடித்தான். அவன் கை வியர்த்திருந்தது. "இவன் வண்டில வயசானவங்க நின்னா, யாரையாவது திட்டியாவது எழுப்பி வுட்டு ஒக்கார வெச்சிடுவான். நான் பாத்தும் பாக்காத மாரி போயிடுவேன்."

என் சொந்தக்காரர்கள்கூட என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. டைம்கீப்பர் "செல்லும். இப்ப அடிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு டிரிப் ஷீட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு இரும்பைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றோம். சேகர்தான் முதலில், "டீ சாப்புடறியா?" என்றான். அதற்காக அவன் இரண்டு நிமிஷம் திருடுவதை நிறுத்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். ஒரு நிமிஷமாகக் குறைத்துக்கொண்டான்.

இந்த வியாதி பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு சீட் பிடிக்கிற சண்டையில், ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம், "உன் பொடவ கலரு என்னுத விட எடுப்பாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. எழுந்திரு!" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். கூண்டிலிருந்து மைக்கில் "செல்லும்" என்று குரல் வந்தது. எப்படித்தான் அவருக்குக் கேட்டதோ!

"சார், உங்க வூட்ல சண்ட வந்தா எப்பிடி?" என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன்.

"கல்யாணம் ஆன அன்னிக்கி என் சம்சாரத்துக்கு எதிர்ப்புகழ் சொல்ல ஆரம்பிச்சேன். இருவத்தஞ்சு வருசம் ஆவுது, இன்னும் நான் சொல்லி முடியல. எங்க சண்ட போடறது?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஒருமுறை டைம்கீப்பருக்கும் எனக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்தது. "வா, செந்தாழிய காட்டறேன்" என்று கூப்பிட்டார். கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறுகிற வண்டியில், சாதாரணப் பயணி மாதிரி டிக்கெட் வாங்கிக்கொண்டு போனோம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இறங்கி, கடுக்காய் மரங்களுக்கு நடுவே நடந்து, ஒரு மொட்டைப் பாறையில் ஏறினோம். மணி பகல் பன்னிரண்டு. வெயில் மண்டையைப் பிளக்கிறது. வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. அவர் நிமிர்ந்து நின்று, தென்கிழக்கே ஓர் இடத்தை விரலால் காட்டினார்.

"அங்க."

"சார், இது பகலு."

"அதனால இன்னா? பகல்னா அது எங்கியாவது எழுந்து பூடுமா? அங்கதான் இருக்கும்."

நானும் அவர் விரல் போன பக்கம் பார்த்தேன். கீழே சரிவில் மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த மலைக்கார அம்மா ஒருத்தி, நாங்கள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "யார தேடறீங்க?" என்று கேட்டாள். டைம்கீப்பர் அவளை ஒரு கலெக்டரைப் போல மதித்து, ஏழு நிலவையும் நானூறு கலத்தையும் ஒற்றைக்கண் வேழினியையும் பொறுமையாக விளக்கினார். அவளும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அந்த மூலையைப் பார்த்தாள்.

"இருக்கும் இருக்கும்" என்றாள். "இம்மாம் பெரிய வானம் சும்மாவா கெடக்கும்?"

மூன்று பேரும் வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் சிலிர்த்தது. அதுவரை அவர் ஒரு வேடிக்கையான மனிதர் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு இறங்கி வரும்போது, அவர் எந்த ஊர்க்காரர் என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன்.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் வண்டிகள் சுவரை ஒட்டி முகம் வைத்து நிற்கும். கிளம்ப வேண்டுமென்றால் பின்னால் எடுக்க வேண்டும். டிரைவருக்குப் பின்பக்கம் தெரியாது. கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் நின்று, ஆள் இல்லை என்று பார்த்து விசில் கொடுக்க வேண்டும். இது தொழிலின் முதல் பாடம். அன்றைக்குக் காலை சேகர் வண்டி ஒன்பது பதினொன்று ஆகியும் நகரவில்லை. என் கண் முழுக்க அங்கேதான் இருந்தது. முன்கூட்டியே பின்னால் எடுத்து, அவன் வண்டிக்கு நேர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி அவனைத் துரத்த வேண்டும் என்று வெறி. இறங்கிப் போகாமல் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே விசில் கொடுத்தேன்.

என் டிரைவர் ராஜாக்கண்ணு அண்ணன் என் விசிலை நம்பி வண்டியைப் பின்னால் எடுத்தார். கீழே விழுந்த டிபன் கேரியரைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கொத்தனாரின் கால்மேல் சக்கரம் ஏறியது.

அந்த அலறல் இன்னமும் எனக்குக் கேட்கும்.

அடிபட்டவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்ற நாலு பேர் வந்தார்கள். அடித்தவனை அடிக்க நாற்பது பேர் வந்தார்கள். ஆட்டோ கிளம்புவதற்குள் "ஆள் செத்துட்டான்" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ராஜாக்கண்ணு அண்ணனைச் சீட்டிலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டார்கள். பிள்ளைப்பூச்சி மாதிரி மனிதர். ஆரன்கூட யோசித்துத்தான் அடிப்பார். கையைக் கூப்பிக்கொண்டு முன்சக்கரத்தோடு ஒண்டிக்கொண்டார். பனியன் போட்ட ஓர் ஆள் செங்கல் ஒன்றை எடுத்துவிட்டான். அந்தச் செங்கல் தலையில் விழுந்தால் அண்ணன் கதை அத்தோடு முடிந்தது.

நான் எங்கே இருந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு.

டியூட்டி நேரத்தில் டைம்கீப்பர் கூண்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வந்தார். அந்த ஒல்லி உடம்பைச் சந்தில் நுழைத்து நுழைத்து உள்ளே போய், ராஜாக்கண்ணு அண்ணனுக்கு முன்னால் நின்றார்.

"ஒத்திப் போய்யா! நீ யாரு?" என்றான் பனியன்காரன்.

"சண்ட போடுங்க. வேணான்னு சொல்லல" என்றார் டைம்கீப்பர். குரல் மைக்கில் வருகிற மாதிரியே நிதானமாக இருந்தது. "மொதல்ல இவரு உங்களவிட எதுல பெரியவருன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அப்பறம் அடிங்க."

யாரோ விட்ட அறையில் அவர் கண்ணாடி பறந்தது. அவர் அறைந்தவன் பக்கம் திரும்பி, தடவித் தடவி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னவிட பலசாலி. ஒத்துக்கறேன். என் மொற முடிஞ்சிது. இப்ப நீங்க சொல்லுங்க."

இன்னொருவன் குத்தினான். உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. "நீங்க என்னவிட வயசுல சின்னவரு. வேகம் ஜாஸ்தி. ஒத்துக்கறேன். சொல்லுங்க." மூன்றாவது ஆள் காலால் உதைத்தான். "யாருன்னே தெரியாத ஒருத்தருக்காக இவ்ளோ துடிக்கிறீங்க. அந்த மனசு எனக்கு கம்மிதான். சொல்லுங்க."

அடிக்கிறவனை எல்லாம் ஒருவர் புகழ்ந்துகொண்டே இருந்தால் எத்தனை நேரம்தான் அடிக்க முடியும்? கூட்டம் குழம்பியது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தவன் போனை இறக்கினான். "இந்தாளு லூசாடா?" என்று ஒருவன் கேட்டான். பூக்காரம்மா மட்டும் ஓரத்திலிருந்து அழுதுகொண்டே கத்தினாள்: "டைம்கீப்பரு கேக்கறாரு இல்ல? வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்டா!"

பனியன்காரன் செங்கல்லைக் கீழே போடவில்லை. "இவனால ஒரு உசுரு போயிருக்கு. இவனுக்கு இன்னாடா புகழு?" என்று மறுபடியும் ஓங்கினான். அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு சேகர் உள்ளே போனான். அவனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் வண்டி ஆளேறி நின்றுகொண்டிருந்தது. டைம்கீப்பருக்குப் பக்கத்தில் போய், "சார், நான் சாட்சி நிக்கறேன்" என்றான்.

அதைப் பார்த்த பிறகும் அந்த ஜூஸ் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் நான் மனுஷனே இல்லை. எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் என்று தெரியாது. கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்தினேன்.

"விசில் குடுத்தவன் நானு. எறங்கிப் பாக்காம குடுத்தேன். அண்ணன் மேல தப்பே இல்ல. அவரு என் விசில நம்பினாரு, அவ்ளோதான்."

நாற்பது பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ராஜாக்கண்ணு அண்ணனுக்கு முன்னால் நின்ற டைம்கீப்பர், இரண்டு எட்டு வைத்து எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பேச அவருக்கு வாய் இல்லை, உதடு அப்படி வீங்கிவிட்டிருந்தது. பனியன்காரன் செங்கல்லோடு கிட்டே வந்தான். டைம்கீப்பர் முகத்தைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் மூச்சு வாங்கியது.

"தானா வந்து ஒத்துக்கினான்டா இவன்" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. "நானா இருந்தா இந்நேரம் ஓடிப் போயிருப்பேன்."

டைம்கீப்பர் கிழிந்த உதட்டைக் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

"செல்லும்" என்றார்.

என்ன செல்லும், எதற்குச் செல்லும் என்று பனியன்காரனுக்குத் தெரியாது. ஆனால் செங்கல்லைக் கீழே வைத்துவிட்டான். போலீஸ் வந்து சேரும்போது நாங்கள் நாலு பேரும் பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். யாரோ சோடா வாங்கிவந்து டைம்கீப்பருக்குக் கொடுத்தார்கள். பனியன்காரன்தான் என்று பிறகு சேகர் சொன்னான்.

கொத்தனார் சாகவில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. நடக்க நாலு மாதம் ஆனது. ஆஸ்பத்திரியில் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எறங்கிப் பாத்திருக்கலாமே தம்பி" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். என்மேல் கேஸ் ஆயிற்று. என் வேலை போயிற்று. ராஜாக்கண்ணு அண்ணன் வேலை போகவில்லை, அது போதும் எனக்கு.

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முதல் நாள் கூண்டுக்குப் போனேன். கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். முன்பல் ஒன்று இல்லை. மைக்கில் 'சங்கராபுரம்' என்று சொல்லும்போது காற்றுதான் ஜாஸ்தி வந்தது. பதினோரு மணி. வழக்கம்போல டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், நான் ரொம்ப நேரம் ஒளிஞ்சிக்கினு இருந்தேன்" என்றேன்.

"தெரியும். கூண்டுலருந்து வரும்போதே ஜூஸ் வண்டிக்குக் கீழ உன் செருப்பு தெரிஞ்சிது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சே அடி வாங்கினீங்களா? ஒரு கொரலு குடுத்திருந்தா வந்திருப்பனே சார்!"

"கூப்ட்டு வந்தா நான் கூட்டியாந்தேன்னு ஆயிடும். நீயா வந்தேன்னு ஆவாது" என்றார். எழுதிக்கொண்டிருந்த தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "படி."

ஐந்தாம் நிலவில் ஒரு கலத்தின் சைகைக்காரன். பொறுமை இல்லாதவன், வாய் நீளம். தவறான சைகை கொடுத்துவிட்டு, கலத்தின் அடித்தளத்தில் நெடுநேரம் ஒளிந்திருக்கிறான். பிறகு தானே எழுந்து, வேழினியின் முன்னால் போய் நிற்கிறான். அவனுக்கு என் பெயரைப் போட்டிருந்தார். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. தாள் நனைந்துவிடுமே என்று தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசில இவன் இன்னா ஆவான் சார்?"

"இன்னா ஆவறது? சண்ட முடிஞ்சதும் வூட்டுக்குப் போவான். வூட்ல சோறு சூடா இருக்கும். ஒக்காந்து சாப்புடுவான்" என்றார். பிறகு மைக்கைப் பிடித்து, "உளுந்தூர்பேட்ட வண்டி எடு" என்றார்.

நாலு வருஷம் அந்தக் கூண்டு வாசலில் நின்று துருவாணர் கதை கேட்டவன் நான். போருக்குப் போன ஒருத்தனைக்கூட அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பி நான் கேட்டதில்லை. எனக்கு மட்டும் அந்த மனுஷன் சோறு சூடாக வைத்திருந்தார்.